முடிவிலிக்கு ஒரு மில்லிமீட்டர்

ஏற்காடு லேடீஸ் சீட்டிலிருந்து நான் எடுத்த முதல் ஃபிலிம் ரோலில் பதினோரு படங்கள் கீழே இருக்கும் சேலத்தைப் பார்த்து எடுத்தவை. பதினொன்றிலும் சேலம் இல்லை. வெளுத்த சாம்பல்மேல் இன்னும் கொஞ்சம் வெளுத்த சாம்பல், அவ்வளவுதான். அதே ரோலில் பன்னிரண்டாவதாக மாமா இருக்கிறார். கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து, ஐந்தடி தூரத்தில், மப்ளரில் நூல் பிரிந்திருப்பதுகூடத் தெரிகிற துல்லியத்தில்.

கேமரா நிக்கான் எஃப்எம்2. லென்ஸ் மாமாவுடையது, ஹீலியோஸ் 44-2, சோவியத் ரஷ்யாவில் செய்தது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே நல்ல பொருட்கள். சேர்த்து மாட்டினால் ஐந்தரை அடிக்கு அப்பால் உலகம் கிடையாது.

எடுக்கும்போதே வியூஃபைண்டரில் மங்கலாகத்தான் தெரிந்தது. மார்கழிக் காலை, பனி என்று நினைத்துக்கொண்டேன். கண்ணாடி பவர் கூடியிருக்கலாம் என்றும் ஒரு சந்தேகம். ஃபோகஸ் வளையத்தை முடிவிலிக் குறிவரை திருப்பினேன், முட்டி நின்றது. சரி, இதற்குமேல் திருப்ப ஒன்றுமில்லையே என்று அழுத்திக்கொண்டே போனேன். டாக்குமெண்டேஷனை மட்டும் படித்துவிட்டு அவுட்புட்டைப் பார்க்காத ஜூனியர் பையனை ஆபீஸில் எத்தனை முறை திட்டியிருப்பேன்!

பழைய ஃபிலிம் கேமராக்களைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள், தமிழிலும். பேசும் விதத்தில்தான் எனக்குப் புகார். யூடியூபில் ஒரு மணி நேரம் பார்த்தால் ஒரு கேமரா பாடியின் தோல் உறை, எடை, ஷட்டர் விழும் சத்தம், லீவரைத் தள்ளும்போது கட்டைவிரலுக்குக் கிடைக்கிற சுகம் என்று எல்லாம் வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணச்சித்திரம் உண்டு. பென்டாக்ஸ் கே1000 மாணவர்களின் நண்பன். கேனன் ஏஇ-1 அழகன். எஃப்எம்2 எதற்கும் அசையாத வீரன். கடைசியில் 'ஆன்மா' என்ற சொல் வரும். நாவலைப் பற்றிப் பேச உட்கார்ந்து அட்டையையும் தாளின் வாசனையையும் பற்றியே பேசிவிட்டு எழுந்துபோவது மாதிரி. அந்த கேமரா எதைப் பார்க்கும், எவ்வளவு தூரம் பார்க்கும் என்ற பேச்சே வராது.

இலக்கியக்காரர்கள் நாம் வேறு மாதிரி தப்பிக்கிறோம். புகைப்படம் என்றதும் சூசன் சான்டாக், ரோலான் பார்த் என்று இரண்டு பெயரைச் சொல்லிவிடுவோம். பார்த் தான் படம் எடுக்கிறவனே இல்லை என்று ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறார். பார்க்கிறவன், பார்க்கப்படுகிறவன் இருவரின் இடத்திலிருந்து எழுதிய புத்தகம் அது. மூன்றாவதாக ஒருவன், கேமராவுக்குப் பின்னால் நின்று 'இதில் இந்த லென்ஸ் ஏறுமா' என்று முழிக்கிறவன், அவருடைய கவலை இல்லை. எனக்கு அவன்தான் கவலை.

அந்த ஐந்தரை அடி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் கணக்கு, பொறுத்துக்கொள்ளவும்.

லென்ஸைக் கழற்றி மாட்டுகிற எந்தக் கேமராவிலும் லென்ஸ் உட்காருகிற உலோக வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் நடுவில் மாறாத ஒரு தூரம் உண்டு. மாமாவின் ஹீலியோஸ் எம்42 வகை, 42 மி.மீ. விட்டமுள்ள மரையில் திருகி மாட்டுவது. ஜெர்மனியில் 1949இல் கான்டாக்ஸ் எஸ் கேமராவோடு பரவத் தொடங்கிய மரை இது. பிறகு ரஷ்யர்களும் ஜப்பானியர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள். அதில் அந்தத் தூரம் 45.46 மி.மீ. நிக்கானின் எஃப் மவுண்ட்டில் 46.5. அதாவது என் நிக்கானில் மாமாவின் லென்ஸ் இருக்கவேண்டிய இடத்தைவிட ஒரு மில்லிமீட்டர் முன்னால் நிற்கிறது. நடுவில் போட்ட மலிவான அடாப்டர் வளையத்தின் தடிமன் இன்னொரு மில்லிமீட்டர். லென்ஸ் ஃபிலிமை விட்டு விலக விலக ஃபோகஸ் கிட்டே வரும். லென்ஸின் குவியத் தூரம் 58 மி.மீ., அதன் வர்க்கத்தை அந்த அதிகப்படி இரண்டால் வகுத்தால் 1,680 மி.மீ. சொச்சம். ஐந்தரை அடி. வளையத்தில் போட்டிருக்கிற முடிவிலிக் குறிக்கு இந்தக் கேமராவில் அர்த்தம் அவ்வளவுதான். கண்ணாடி வைத்த அடாப்டர் வாங்கினால் முடிவிலி கிடைக்கும் என்பார்கள். கிடைக்கும், ஆனால் கூடவே ஒரு மட்டமான கண்ணாடியும் எல்லாப் படங்களிலும் கிடைக்கும்.

இப்போது பென்டாக்ஸ். அசாஹி கம்பெனி தன் ஸ்பாட்மேட்டிக் காலம் முழுக்க இந்த மரையில்தான் லென்ஸ் செய்தது. 1975இல் மரையை விட்டுவிட்டு, திருப்பிப் பூட்டுகிற கே மவுண்ட்டுக்கு மாறினார்கள். மாறும்போது எந்தத் தூரத்தை வேண்டுமானாலும் வைத்திருக்கலாம், கேட்க ஆளில்லை. வைத்தது பழைய 45.46. மவுண்ட்டுக்கு உள்ளேயே அடங்கி உட்காருகிற ஒரு வளையத்தையும் அவர்களே விற்றார்கள். அதைப் போட்டால் பழைய மரை லென்ஸ் புதிய கேமராவில் முடிவிலிவரை பார்க்கும். ஏற்கனவே நம்மிடம் லென்ஸ் வாங்கியவன் ஒருவன் எங்கோ இருக்கிறான் என்று யாரோ ஒரு இன்ஜினியர் அந்த மீட்டிங்கில் ஞாபகம் வைத்திருந்திருக்கவேண்டும்.

கேனன் அப்படிச் செய்யவில்லை. 1987இல் ஈஓஎஸ் வந்தபோது எஃப்டி லென்ஸ்கள் மொத்தமும் அநாதையாயின. பழைய மவுண்ட்டின் தூரம் 42, புதியதில் 44. கண்ணாடி இல்லாத அடாப்டரால் முடிவிலிக்குப் போக வழியே இல்லை. நிக்கான் நடுவில் நிற்கும். 1959இல் வந்த எஃப் மவுண்ட்டை விடவில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் 1977க்கு முந்தைய, மாற்றம் செய்யப்படாத லென்ஸை எஃப்எம்2இல் மாட்டினால் மவுண்ட்டின் ஓரத்தில் இருக்கும் சின்ன நெம்பு உடையலாம். அதற்கு முந்தைய எஃப்எம்மில் அந்த நெம்பை மடக்கிவிட முடியும். 'பொருந்தும்' என்ற சொல்லுக்குள் இத்தனை நிபந்தனைகள்.

கேனனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. போன வருடம் ஒரு பழைய ஏபிஐ-யை நிறுத்துகிற மெயிலை எழுதியவன் நான். 'இன்றிலிருந்து தொண்ணூறு நாட்களில்' என்று தொடங்கும். யார் யார் அதன்மேல் என்னென்ன கட்டிவைத்திருந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. பயன்பாடு குறைவு என்று கிராஃப் சொன்னது, போதும் என்று விட்டுவிட்டேன்.

மாமா ஏற்காடு ஏரிக்கரையில் சுற்றுலா வந்தவர்களைப் படம் எடுத்துப் பிழைத்தவர். முதலில் கையில் இருந்தது அக்ஃபா கிளிக் 3, பரோடாவில் செய்த பெட்டி. 120 ரோலில் பன்னிரண்டு படம், கழற்ற முடியாத லென்ஸ், திருப்பி ஃபோகஸ் செய்கிற வேலையே கிடையாது. ரோலும் பல சமயம் ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967 முதல் தயாரித்துவந்த இந்து பிராண்ட் கறுப்பு வெள்ளை. தேர்வு என்று ஒன்று அவருக்கு இருக்கவே இல்லை. கிடைத்ததில் எடுத்தார். எண்பதுகளின் கடைசியில் சேலத்தில் ஒருவரிடமிருந்து பழைய ஜெனிட்-ஈ ஒன்றை வாங்கினார், இந்த ஹீலியோஸோடு. அதுதான் வீட்டில் 'பெரிய கேமரா'. பாட்டரியே இல்லாத கேமரா. முன்னால் இருக்கிற செலினியம் மீட்டர் எப்போதோ செத்துவிட்டது, அது மாமாவுக்கு ஒரு பொருட்டே இல்லை. வெயிலென்றால் 11, 250. பனியென்றால் 8, 125. காபித் தோட்டத்துக்குள் சில்வர் ஓக் நிழலில் எடுக்கச் சொன்னால் மட்டும் கொஞ்சம் யோசிப்பார்.

இந்த லென்ஸுக்கு இன்று உலகம் முழுக்க ஒரு பக்தர் கூட்டம் இருக்கிறது. காரணம், அப்பர்ச்சரை 2இல் முழுதாகத் திறந்துவைத்து, இலைகளுக்கு முன்னால் ஒரு முகத்தை நிறுத்தினால் பின்னணி சுழல்போலச் சுற்றும். போருக்கு முந்தைய ஜெர்மன் பயோட்டரின் வடிவத்தைத் தழுவிய லென்ஸ், அந்தச் சுழலும் அங்கிருந்து வந்ததுதான். வடிவமைத்தவர்களுக்கு அது ஒரு குறை. இன்று அதற்காகவே வாங்குகிறார்கள். நானும் அதற்காகத்தான் மாமாவிடம் கேட்டேன். வாங்கிப் பார்த்தால் ஃபோகஸ் வளையத்தில், முடிவிலிக்குச் சற்று முன்னால், சிவப்பாக ஒரு பொட்டு. நெயில் பாலிஷ்.

"அத்தையோடது," என்றார் மாமா. "வளையம் அங்கயே நிக்கணும். நவுத்தவே கூடாது. அப்பர்ச்சர் பதினொண்ணு. ஆளு எட்டு எட்டு தள்ளி நிப்பாங்க. ஆளும் தெரியும், ஏரியும் தெரியும், மலையும் தெரியும்."

பிறகு வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 58 மி.மீ. லென்ஸில் 11 வைத்து ஏறத்தாழ பத்து மீட்டரில் ஃபோகஸை நிறுத்தினால் ஐந்து மீட்டரிலிருந்து முடிவிலிவரை ஏற்றுக்கொள்கிற துல்லியம் இருக்கும். எட்டு எட்டு என்பது ஐந்தரை மீட்டர். மாமா கணக்குப் போடவில்லை. சில ரோல்களை வீணடித்து அந்தப் பொட்டை வைத்திருக்கிறார்.

"இப்ப எல்லாரும் இந்த லென்ஸ வச்சு பின்னாடி பூரா மங்கலாக்கி எடுக்கறாங்க மாமா. அதுக்குத்தான் மதிப்பு."

"பின்னாடி மங்கலாக்கிட்டா அவங்க ஏற்காடு வந்தாங்கன்னு என்ன சாட்சி மாப்ள? அதை சேலத்துலயே ஸ்டூடியோவுல எடுத்துக்கலாமே."

இந்த இடத்தில்தான் என் புகாருக்கு உருவம் வந்தது. பின்னணியைக் கரைப்பதும் பின்னணியைப் பிடித்துவைப்பதும் ஒரே கண்ணாடியின் இரண்டு வாசிப்புகள். நம் வாசிப்பில் முகம் மட்டும் முக்கியம், இடம் ஒரு நிறக் கலவை. காபிப் பூ, ஏரி, பகோடா பாயிண்ட் எல்லாம் ஒரே மாதிரிக் குழைந்த வட்டங்கள். ஏற்காட்டில் எடுத்ததா ஏலகிரியில் எடுத்ததா என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. மாமாவின் வாசிப்பில் மனிதனும் இடமும் ஒரே கூர்மையில் இருந்தாகவேண்டும், அதற்குத்தான் அவன் காசு கொடுத்தான். அதைக் கலை என்று அவர் சொல்லிக்கொண்டதில்லை. நானும் சொல்லமாட்டேன், அவருடைய பல படங்கள் சுமார்தான், எல்லோரும் விறைத்து நிற்பார்கள். ஆனால் அந்த விறைப்புக்குப் பின்னால் அன்றைய ஏரி இருக்கிறது. கரையில் இன்று இல்லாத மரங்கள் இருக்கின்றன. முகத்தைத் தவிர மற்றதை அழித்துவிட்டு நாம் சேர்த்துவைக்கிற படங்களில் முப்பது வருடம் கழித்து எதைத் தேடுவார்கள் என்று தெரியவில்லை.

என் நிக்கானோ இந்த விவாதத்தில் எனக்குத் தெரியாமலே கட்சி சேர்ந்துவிட்டது. ஐந்தரை அடிக்கு அப்பால் எல்லாவற்றையும் அது தானாகவே மங்கலாக்கியது. முகம் மட்டும் எடுக்க வைத்தது. பொட்டு வைத்த இடத்தில் வளையம் நின்றது, ஆனால் அந்தப் பொட்டு சொல்வது இங்கே பொய்.

செலவைப் பற்றியும் சொல்லவேண்டும். ரோல் வாங்கி, கழுவி, ஸ்கேன் செய்து முடிக்கும்போது முப்பத்தாறு படத்துக்கு ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டிவிடுகிறது. சேலத்தை எடுக்காமல் விட்ட பதினோரு படங்களுக்கு நானூற்று ஐம்பதுக்கு மேல் கணக்காகிறது. புகைப்படம் வீண் செலவு என்ற பேச்சு இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. 1857-58இல் லினியஸ் ட்ரைப் மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக மாட்டுவண்டிகளோடு சுற்றி மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கமெல்லாம் எடுத்தார். ராயக்கோட்டையை முதலில் வைத்து சேலம் மாவட்டத்துக்கென்றும் ஒரு தொகுப்பு வந்தது. கொஞ்ச நாளிலேயே கவர்னர் ட்ரெவெல்யன் இது ஆடம்பரம் என்று அந்த வேலையையே மூடிவிட்டார். ட்ரைப்பின் காகித நெகட்டிவில் வானம் வெறும் வெள்ளையாக விழும். அவர் உட்கார்ந்து நெகட்டிவ்மேலேயே மேகங்களைக் கையால் தீட்டிச் சேர்த்திருக்கிறார். கருவி பார்க்க மறுத்ததைக் கையால் போட்டுக்கொண்ட மனிதர். என் பதினோரு படங்களில் சேலத்தை வரைந்து சேர்க்கலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

ஆக, இப்போது யாராவது என்னிடம் எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது: வீட்டில் லென்ஸ் ஏதாவது இருக்கா? பரணில், அலமாரிக்குள், யாருடைய கல்யாணப் பரிசாகவோ. இருந்தால் அதைக் கொண்டுவந்து மவுண்ட்டைப் பார்க்கவேண்டும். மரை லென்ஸ் என்றால் மரை கேமராவே நல்லது: ஸ்பாட்மேட்டிக், பிராக்டிகா. அல்லது கே மவுண்ட். நிக்கான் லென்ஸ் என்றால் நிக்கான், அதிலும் 1977க்கு முன்னதா பின்னதா என்று பார்த்து. எஃப்டி லென்ஸ் கிடைத்தால் பழைய கேனன் வாங்குவதில் தப்பே இல்லை, அநாதை என்பதால் விலை குறைவாக வரவும் வாய்ப்புண்டு. ஆனால் ஏஇ-1 பாட்டரி இல்லாவிட்டால் ஷட்டரே திறக்காது, மலைக்குப் போகிறவன் மாற்றுப் பாட்டரியோடு போகவேண்டும். ஒன்றுமே இல்லாதவருக்கு எஃப்எம்2 அருமையான கேமரா. 4000இல் ஒரு பங்கு நொடி ஷட்டர், பாட்டரி மீட்டருக்கு மட்டும்தான். அதன்மேல் எனக்கு வருத்தமே கிடையாது. வருத்தமெல்லாம் கையிலிருந்த லென்ஸைப் பார்க்காமல் ஊர் பேச்சைக் கேட்டு வாங்கிய என்மேல்.

இன்னொன்று பூஞ்சை. மலை வீடுகளில் லென்ஸைத் தோல் உறைக்குள் போட்டு பீரோவில் வைப்பார்கள். அதைவிட மோசமான இடம் இல்லை. ஈரமும் இருட்டும் சேர்ந்தால் கண்ணாடிக்குள் வெள்ளை நூல்போலக் கிளைவிடும், விட்டுவைத்தால் மேற்பூச்சையே அரித்துவிடும். மாமாவின் ஹீலியோஸில் பின்பக்கக் கண்ணாடியில் ஒரு மூலை முழுக்கப் படர்ந்திருந்தது. சென்னையில் கொடுத்துத் துடைத்தோம், தழும்பு போகவில்லை. வெயிலுக்கு எதிரே பிடித்தால் ஒரு வெளிறல் வருகிறது. பனியில் எடுக்கும்போது அந்த வெளிறல் பரவாயில்லை, ஒருவிதத்தில் ஒத்துக்கூடப் போகிறது. வெளியாளிடம் வாங்கும்போது டார்ச் அடித்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். நெகட்டிவ்களும் அப்படித்தான். மாமா வைத்திருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தபோது பாதிக்கு மேல் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. பிரித்தால் ஏரி ஒரு பக்கம், மனிதர்கள் ஒரு பக்கம் உரிந்துவந்தார்கள்.

நிக்கானைக் கொஞ்சம் நஷ்டத்துக்கு விற்றேன். ஒரு கே1000 வாங்கினேன், அடிபட்டது, மேல்தகட்டில் ஒரு நசுங்கல். 1976இலிருந்து 1997வரை செய்துகொண்டே இருந்த கேமரா. இதன் புகழ் மிகை என்பதே என் அபிப்பிராயம். செல்ஃப் டைமர் இல்லை. மீட்டரை அணைக்க சுவிட்ச்கூட இல்லை, மூடியைப் போட்டால்தான் பாட்டரி மிஞ்சும். இதற்கு ஒரு வருடம் முன்பு வந்த கேஎம்மில் டைமர் இருந்தது, அதைச் சீந்துவாரில்லை. எனக்குக் கிடைத்தது இது. வளையத்தைப் போட்டு ஹீலியோஸைத் திருகியதும் ஜன்னலைத் திறந்து எதிர் மாடி தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். தொட்டியின்மேல் எழுதியிருந்த கம்பெனிப் பெயர் தெரிந்தது. பொட்டு திரும்ப உண்மையானது.

போன மாதம் மறுபடி லேடீஸ் சீட். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்க மாமாவுக்குத் தலைசுற்றல், டீ குடித்து உட்கார்ந்தோம். ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இன்னொன்று பாக்கி. கேமராவை வாங்கி, எடுத்த கண்ணில் வைத்துக்கொண்டு சேலம் பக்கம் திருப்பினார். வளையத்தை முட்டும்வரை கொண்டுபோனார். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அப்புறம் வளையத்தைப் பின்னால் கொண்டுவந்து கட்டைவிரலால் பொட்டைத் தடவி நிறுத்தினார். "போய் நில்லு."

"நானா?"

"வேற யாரு. எட்டு எட்டு."

எண்ணிக்கொண்டே நடந்துபோய் கம்பி ஓரமாக நின்றேன். விறைப்பாகத்தான் நின்றிருப்பேன். அவர் மீட்டரைப் பார்க்கவில்லை, வானத்தை ஒருமுறை பார்த்து ஷட்டர் வேகத்தைத் திருப்பினார், அப்பர்ச்சர் வளையத்தைத் திருப்பினார், அழுத்தினார். ஒரே ஒரு படம். லீவரைத் தள்ளிவிட்டு சட்டைப் பையில் கைவிட்டுப் பேனாவைத் தேடினார்.

"அட்ரஸ் எழுதிக் குடு. தபால்ல வரும்."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டீக்கடை பில்லின் பின்பக்கத்தில் பெங்களூர் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் படித்தார்.

"பின்கோடு எங்க?"